களிம்புக்கு அடியில் மூன்று முத்துகள்

உறையில் ஆறு காசுகள் இருந்தன. ஐந்தில் பெரிதாக ஒன்றும் தேறவில்லை. ஆறாவதை மேசையில் வைத்துக்கொண்டு இரண்டரை மாதம் வேலை பார்த்தேன். அந்த ஒரு காசைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

நான் இருப்பது இங்கிலாந்தில். மாதத்துக்கு ஒருமுறை நாணயம் சேர்ப்பவர்கள் கூடும் இடத்துக்குப் போவேன். அங்கே ஒரு முதியவர் தன் சேகரிப்பைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் வாங்கியதுதான் இந்த உறை: மண்ணோடு மண்ணாக, சுத்தம் செய்யாத ரோமானிய வெண்கலக் காசுகள். பல வருடங்களுக்கு முன் அவர் வாங்கிய ரசீதும் உறைக்குள்ளேயே இருந்தது. வந்த வழி தெரியாத காசை நான் தொடுவதில்லை. இரவோடு இரவாகத் தோண்டி மூட்டையாக விற்கப்படும் காசுகள் நிறைய உலவுகின்றன. அந்தக் காசு எந்தச் சுவர் ஓரத்தில், எந்த மண்ணடுக்கில், எதோடு சேர்ந்து கிடந்தது என்ற சேதி தோண்டிய குழியிலேயே செத்துவிடும். அதற்குப் பிறகு காசை எவ்வளவு பளிச்சென்று ஆக்கினாலும் அந்தச் சேதி திரும்பாது.

நம் ஊர்ப் பக்கம் படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கரூர் அமராவதிப் படுகையிலும் மதுரையிலும் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. இலங்கையில் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுச் செப்புக்காசுகள் ஏராளம். அவற்றைப் பார்த்து உள்ளூரில் அடித்த நகல்களும் உண்டு. அப்படி ஒன்று உங்கள் கையில் அகப்பட்டால், கீழே நான் எழுதியிருப்பது எதையும் செய்யாதீர்கள். கழுவக்கூட வேண்டாம். இந்தியாவில் 1878-ம் வருடத்துப் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் தகவல் சொல்லுங்கள்.

சரி, காசுக்கு வருகிறேன்.

முதல் நாள் குறிப்பு: எடை 2.58 கிராம். விட்டம் 17.8 மில்லிமீட்டர். ஒரு பக்கம் முழுக்கச் சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பற்று. மறுபக்கம் பச்சையும் பழுப்பும் கலந்த மேடு பள்ளம். வெறுங்கண்ணுக்கு எழுத்தும் இல்லை, உருவமும் இல்லை. சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினால், ஒரு பக்கத்தில் தலை மாதிரி ஒரு உருண்டை தெரிந்தது. இரண்டு பக்கத்தையும் விளிம்பையும் படம் எடுத்து வைத்தேன். வேலையின் நடுவில் "இது முன்பே இப்படித்தான் இருந்ததா, நான் செய்ததா" என்ற சந்தேகம் கட்டாயம் வரும். அப்போது அந்தப் படம்தான் பதில் சொல்லும்.

என் அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்குவார். புளியும் கொஞ்சம் கல்லுப்பும் பட்டதும் பச்சை போய்ப் பித்தளை தங்கமாய் மின்னும். அந்தப் பழக்கத்தில், பல வருடங்களுக்கு முன் என் முதல் ரோமானியக் காசை எலுமிச்சைச் சாற்றில் போட்டேன். ஒரு மணி நேரத்தில் களிம்பு முழுவதும் கரைந்தது. கூடவே முகமும் கரைந்தது. கையில் மிஞ்சியது புள்ளி புள்ளியாக அரித்த ஒரு செப்புத் தகடு. அதை இன்னும் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். யார் முகம் அது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

அதில் நடந்தது இதுதான். வெண்கலம் மண்ணுக்குள் ஆயிரத்து அறுநூறு வருடம் கிடக்கும்போது, அதன் மேல்தோல் மெதுவாகத் தாதுவாக மாறுகிறது. உலோகத்தை ஒட்டிச் சிவப்பாக ஒரு செப்பு ஆக்சைடு அடுக்கு. அதற்கு மேல் பச்சையாகச் செப்புக் கார்பனேட். அதற்கும் மேலே மண்ணும் சுண்ணாம்பும் பச்சையும் பின்னிக்கொண்ட தடித்த பற்று. அடித்த நாளில் காசுக்கு இருந்த மேற்பரப்பு, அந்த முடியும் மூக்கும் எழுத்தும், இப்போது உலோகத்தில் இல்லை. வழவழவென்று கெட்டிப்பட்ட பச்சை அடுக்கின் மேல்முகத்தில்தான் அது நிற்கிறது. நெல்லுக்கு உமி போல, செம்புக்குக் களிம்பு போல என்று சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்கு உவமை சொல்வார்கள். களிம்பு என்றாலே நீக்க வேண்டியது என்றுதான் நமக்குப் பழக்கம். இங்கே நீக்க வேண்டியது மேல் பற்றை மட்டும். அடியில் இருக்கும் கெட்டிக் களிம்புதான் காசு. அமிலம் இரண்டையும் பிரித்துப் பார்க்காது. மின்சாரம் பாய்ச்சிப் பற்றை நீக்கும் மின்பகுப்பும் அப்படித்தான். ஆலிவ் எண்ணெயில் மாதக்கணக்கில் ஊறப்போடச் சொல்பவர்கள் உண்டு. அந்த எண்ணெயிலும் அமிலம் இருக்கிறது, மெதுவாக அதே வேலையைச் செய்யும்.

ஆகவே காய்ச்சி வடித்த நீரில் போட்டேன். நான்கு நாளைக்கு ஒருமுறை நீரை மாற்றினேன். முதல் வாரம் தேநீர் நிறத்தில் வந்தது, மூன்றாவது வாரம் தெளிந்துவிட்டது. மென்மையான பல் துலக்கியால் ஒத்தியெடுத்ததில் களிமண் ஓரளவு போனது. சுண்ணாம்புப் பற்று அசையவில்லை. அசிட்டோனில் முக்கிக் காயவைத்தேன். ஈரம் போனதும் பற்று வெளுத்துத் தனியாகத் தெரியும், களிம்பு கறுத்துத் தெரியும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் மேற்கொண்டு வேலை செய்ய முடியும்.

கருவிகள் அதிகமில்லை. பத்து மடங்கும் இருபது மடங்கும் பெரிதாக்கும் பழைய இரட்டைக்கண் நுண்ணோக்கி. கூராகச் சீவிய மூங்கில் குச்சிகள். முள்ளம்பன்றி முள் ஒன்று. அருங்காட்சியகப் பராமரிப்பாளர்களும் இதைப் பயன்படுத்துவார்கள், பற்றைவிடக் கெட்டி, களிம்பைவிட மெது. கைப்பிடியில் பொருத்திய தையல் ஊசி. ஊசியைக் குத்தக் கூடாது. சாய்த்து வைத்துப் பற்றின் விளிம்பில் மெல்ல அழுத்த வேண்டும். சரியாக அழுத்தினால் பற்று செதிலாகத் தெறிக்கும், அடியில் களிம்பு பளபளப்பாகத் தெரியும். தெறிக்காமல் தூளாக உதிர்ந்தால் கை நிறுத்த வேண்டும். சிவப்பு தெரிந்தால் எல்லை தாண்டியாயிற்று என்று அர்த்தம்.

தலைப்பக்கத்தைத் தொடவில்லை. கை பழகட்டும் என்று பூப்பக்கத்தில் ஆரம்பித்தேன்.

முதலில் வெளியே வந்தது ஒரு கால். முழங்காலில் மடங்கி, முன்னால் அழுந்தி ஊன்றிய கால். ஒரு மாலை முழுவதும் அந்தக் கால்தான். அடுத்த நாள் அதற்கு மேலே வட்டமாக ஒரு கேடயம். ஓரத்தில் சின்னதாக ஒரு குதிரைத் தலை, கீழே குனிந்தபடி. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. நான்காம் நூற்றாண்டுக் காசுகளைப் பார்த்துப் பழகிய எவருக்கும் புரியும்: இது விழும் குதிரைவீரன் காசு. ரோமானியச் சிப்பாய் ஒருவன் இடது கையில் கேடயத்தோடு, முன்னங்கால் மடிந்து சரியும் குதிரையின் மேல் இருப்பவனை ஈட்டியால் குத்துகிறான். குதிரைக்காரன் திரும்பிப் பார்த்து ஒரு கையைத் தூக்குகிறான்.

அந்தக் கை வெளியே வந்த நேரத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஒரு மில்லிமீட்டர் நீளம் இருக்கும். இருபது மடங்கில் பார்த்தால் விரல்கள் விரிந்திருப்பது தெரிகிறது. தலையில் கூம்பாக ஒரு தொப்பி. குத்தாதே என்று கெஞ்சுகிற கை. அச்சு வெட்டியவன் ஒரு நாளில் எத்தனை அச்சு வெட்டியிருப்பானோ, இந்தக் கைக்கு மட்டும் நேரம் ஒதுக்கியிருக்கிறான். சிப்பாயின் முகம் வெறும் ஒரு புள்ளி. விழுகிறவனுக்குத்தான் முகமும் கையும் இருக்கின்றன.

சுற்றி இருந்த எழுத்துகளில் பாதிதான் தகட்டில் விழுந்திருக்கிறது. ஆனாலும் வாசகம் தெரிந்ததே: ஃபெல் டெம்ப் ரெபராடியோ. இன்பமான காலம் மீண்டது என்று பொருள். 348-ல், கான்ஸ்டன்டைன் பேரரசரின் மகன்கள் கான்ஸ்டன்டியஸும் கான்ஸ்டன்ஸும் ஆண்டபோது செப்புக்காசுகளை மாற்றியமைத்தார்கள். ரோம் நகரம் பிறந்து 1100 வருடம் நிறைந்ததை ஒட்டிய சமயம் அது. அதே வாசகத்தோடு பல படங்கள் வந்தன: கப்பலில் நிற்கும் பேரரசர், சாம்பலிலிருந்து மறுபடி பிறக்கும் என்று சொல்லப்படும் ஃபீனிக்ஸ் பறவை, குடிசையிலிருந்து ஒரு சிறுவனைக் கைபிடித்து அழைத்துவரும் சிப்பாய். கடைசிவரை நின்று, கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டது இந்தக் குதிரைவீரன்தான்.

முதலில் வந்தவை 22, 23 மில்லிமீட்டர் விட்டத்தில், ஏறக்குறைய ஐந்து கிராம் எடையில் இருந்தன. அடுத்த சில வருடங்களில் சிறுத்துக்கொண்டே வந்து பாதி எடைக்கு இறங்கிவிட்டன. படம் மாறவில்லை, வாசகமும் மாறவில்லை. என் காசு அந்தச் சிறுத்த வகை. அச்சு பெரிதாகவும் தகடு சிறிதாகவும் இருந்ததால்தான் எழுத்துகள் ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கின்றன. இன்பமான காலம் மீண்டது என்று எழுதிய காசு, சந்தையில் வருடாவருடம் இளைத்துக்கொண்டே போனதைக் கையில் வாங்கியவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

கூம்புத் தொப்பியை வைத்து, விழுகிறவன் பாரசீகன் என்று சொல்வதுண்டு. கான்ஸ்டன்டியஸின் கிழக்கு எல்லையில் இருந்தவர் பாரசீகத்தின் சாசானிய மன்னர் இரண்டாம் ஷாப்பூர். ரோமானியரின் நிசிபிஸ் கோட்டையை மூன்று முறை முற்றுகையிட்டும் அவரால் பிடிக்க முடியவில்லை. ஆனால் 359-ல், இந்த மாதிரிக் காசுகள் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தபோதே, டைகிரிஸ் ஆற்றங்கரையில் ரோமானியரின் அமிடா நகரம் 73 நாள் முற்றுகைக்குப் பிறகு அவரிடம் வீழ்ந்தது. அந்த நகரத்துக்குள் இருந்தவர்களின் மடியிலும் இதே படம் இருந்திருக்கும்.

ஆறாவது வாரம் தலைப்பக்கத்துக்கு வந்தேன்.

இங்கே ஒரு முடிச்சு இருந்தது. இடது ஓரத்துப் பற்றை எடுத்ததும் "ன்ஸ்டான்" என்று படிக்கிற அளவுக்கு எழுத்து வந்தது. வலது ஓரம் தகட்டுக்கு வெளியே போயிருந்தது. கான்ஸ்டன்ஸ் 350-லேயே கொல்லப்பட்டுவிட்டார், இந்தச் சிறுத்த அளவு அதற்குப் பிறகு வந்தது. ஆகவே அவர் இல்லை. மிச்சம் இரண்டு பேர். ஒருவர் பேரரசர் இரண்டாம் கான்ஸ்டன்டியஸ். இன்னொருவர் அவருடைய சித்தப்பா மகன் காலஸ். 351-ல் சீசராக, அதாவது துணை ஆட்சியாளராக உயர்த்தப்பட்டு, 354-ல் அதே பேரரசரின் உத்தரவில் தலை துண்டிக்கப்பட்டவர். பட்டம் ஏற்றபோது அவருக்கும் கான்ஸ்டன்டியஸ் என்றே பெயர் வைத்திருந்தார்கள். காசில் இரண்டு பேரும் "கான்ஸ்டன்டியஸ்"தான். பெயருக்குப் பின்னால் வரும் பட்டம் தெரிந்தால் பிரித்துவிடலாம். அந்தப் பட்டம்தான் என் காசில் வெட்டுப்பட்டுப் போயிருந்தது.

இன்னொரு வழி உண்டு. காலஸ் வெறுந்தலையோடு இருப்பார். பேரரசருக்கு மட்டும் முத்து வைத்த தலைப்பட்டம். கான்ஸ்டன்டைனுக்கு முன் ரோமானியப் பேரரசர்கள் காசில் இலைமாலையோ கதிர்முடியோ சூடியிருப்பார்கள். 324-ல் எதிரியை வென்று முழுப் பேரரசையும் கையில் எடுத்த கையோடு, கிரேக்க அரசர்களைப் போலத் தலைப்பட்டம் கட்டிக்கொள்ளும் வழக்கத்தைக் கான்ஸ்டன்டைன் கொண்டுவந்தார். அவர் மகன்களிடம் அது முத்து வரிசையாக நின்றது. ஆக, காசில் முடிக்கு நடுவே புள்ளிகள் இருந்தால் பேரரசர், இல்லையென்றால் தலை இழந்த தம்பி.

தலையின் பின்பாதியில்தான் பற்று மிகக் கெட்டியாக இருந்தது. ஊசியை எடுத்தால் ஒரே நாளில் முடித்திருக்கலாம். ஆனால் நான் தேடுவதே ஊசிமுனை அளவுப் புள்ளிகளை. ஊசியின் தடமும் புள்ளியும் ஒன்றுபோலத் தோன்றும், நானே முத்தை உண்டாக்கிவிடுவேன். ஆகவே முள்ளம்பன்றி முள்ளை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு சொட்டு நீர் விட்டு ஊறவைத்து, அரை மணி நேரம் தேய்த்து, நிறுத்தி, காயவைத்து, மறுபடி பார்த்தேன். ஒன்பது மாலைகள் போயின. முதலில் கழுத்துக்குப் பின்னால் இரண்டு கோடுகள் வந்தன. பட்டத்தைக் கட்டிய நாடாவின் நுனிகளாக இருக்கலாம், அரிப்பின் கீறலாகவும் இருக்கலாம். எழுதி வைக்கவில்லை. பத்தாவது மாலை, காதுக்கு மேலே பற்று அரிசி உமி அளவு செதிலாகப் பெயர்ந்தது. அடியில் மூன்று உருண்டைகள். சம இடைவெளியில், சற்றே வளைந்து, முடிக்கற்றைக்குக் குறுக்கே. விளக்கை இடமும் வலமும் நகர்த்திப் பார்த்தேன். நிழல் ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்பக்கம் விழுந்தது. மேடுதான், பள்ளமில்லை.

கான்ஸ்டன்டியஸ்.

முகம் முழுவதும் வெளியே வந்தபோது, அதில் ஒரு மனிதரைத் தேடினேன். கிடைக்கவில்லை. பெரிய கண், நேரான மூக்கு, இறுகிய வாய். இந்தக் காலத்துக் காசுகளில் எல்லோருக்கும் இதே முகம்தான். முந்நூறு வருடம் முந்தைய நீரோவின் காசில் தாடைச் சதை தொங்குவதுகூடத் தெரியும். இங்கே முகம் ஒரு பதவியின் முகம். ஆனால் கான்ஸ்டன்டியஸ் நேரிலும் அப்படித்தான் இருக்க விரும்பினார் போலிருக்கிறது. 357-ல் அவர் ரோமுக்குள் நுழைந்த ஊர்வலத்தை, அதே காலத்தில் வாழ்ந்த படைவீரரும் வரலாற்றாசிரியருமான அம்மியானுஸ் எழுதி வைத்திருக்கிறார். கழுத்தைக் கிடுக்கியில் மாட்டியதுபோல நேரே பார்த்தபடி, இடமோ வலமோ திரும்பாமல், துப்பாமல், மூக்கைக்கூடத் தொடாமல், சிலைபோல ரதத்தில் போனாராம். உயரம் குறைந்தவர், ஆனாலும் உயர்ந்த வாயில்களின் கீழே போகும்போது தலை குனிந்தாராம். அமிடா முற்றுகையில் உள்ளே மாட்டிக்கொண்டு தப்பி வந்தவரும் இந்த அம்மியானுஸ்தான்.

அடுத்து நடந்தது எனக்கு இன்னும் வலிக்கிறது. பூப்பக்கத்தின் அடியில், தரைக்கோட்டுக்குக் கீழே அக்கசாலைக் குறி, அதாவது காசு அடித்த இடத்தின் குறி இருக்கும். எஸ், எம், கே என்று மூன்று எழுத்து வெளியே வந்துவிட்டது. முதல் இரண்டும் அரசின் நாணயம் என்பதற்கான சுருக்கம். மூன்றாவது ஊர்: கிசிகஸ். இன்றைய துருக்கியில், மர்மரா கடலின் தென்கரையில், எர்டெக் பக்கத்தில் இடிபாடாகக் கிடக்கிறது. நான்காவதாக, அக்கசாலைக்குள் எந்தப் பட்டறை அடித்தது என்று காட்டும் கிரேக்க எழுத்து இருக்க வேண்டும். முத்துகளைக் கண்ட தெம்பில், அந்த எழுத்தைத் திறக்க ஊசியை எடுத்தேன். இரவு பதினொன்றரை. கண் சோர்ந்திருந்தது. ஊசி வழுக்கியது. பற்றோடு களிம்பும் சேர்ந்து பெயர்ந்து, அந்த இடத்தில் இளஞ்சிவப்பு தெரிந்தது. எழுத்து போய்விட்டது. ஆல்ஃபாவோ காமாவோ, ஆயிரத்து அறுநூறு வருடம் மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது, என் மேசையில் அழிந்தது. அதன் பிறகு இரவு ஒன்பதுக்கு மேல் இந்த வேலையைச் செய்வதில்லை.

அந்தச் சிவப்பை ஒட்டியே இன்னொன்றும் கண்ணில் பட்டது. குதிரையின் பின்னங்காலுக்குப் பக்கத்தில் ஒரு குழியில் வெளிர்பச்சைத் தூள். கெட்டிக் களிம்பு ஊசியில் ஒட்டாது; இது மாவுபோல ஒட்டியது. சந்தேகம் தீர, ஈரப்பஞ்சு வைத்த டப்பாவில் காசை ஒரு நாள் மூடி வைத்தேன். காலையில் திறந்தால் அதே குழியில் புதிதாகத் தூள் பூத்திருந்தது. வெண்கல நோய் என்பது இதுதான். மண்ணிலிருந்து உள்ளே புகுந்த குளோரைடு, செப்போடு சேர்ந்து அடியில் பதுங்கியிருக்கும். காற்றும் ஈரமும் பட்டதும் வெளிர்பச்சைத் தூளாக மாறி, கூடவே கொஞ்சம் அமிலத்தை விடும். அந்த அமிலம் பக்கத்துச் செப்பைத் தின்று மறுபடி குளோரைடாக்கும். விட்டுவிட்டால் காசு துளை விழுந்து உதிரும்.

குழியிலிருந்த தூளை நுண்ணோக்கியின் கீழ் முழுவதும் சுரண்டியெடுத்தேன். பிறகு நூறு மில்லி எத்தனாலுக்கு மூன்று கிராம் என்று பென்சோட்ரையசோல் கரைத்து, காசை 24 மணி நேரம் அதில் வைத்தேன். செப்பின் மேல் மெல்லிய காப்பாகப் படிந்து அரிப்பைத் தடுக்கும் ரசாயனம் இது. நச்சுத்தன்மை உள்ளது. கையுறை, முகமூடி, திறந்த சன்னல் இல்லாமல் தொடாதீர்கள். சமையலறையில் இந்த வேலை வேண்டவே வேண்டாம். மிஞ்சிய கரைசலைத் தொட்டியில் கொட்டாமல் ரசாயனக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். வெளியே எடுத்து எத்தனாலில் அலசி, காயவைத்து, மறுபடி ஈர டப்பா. ஒரு சின்னப் புள்ளி திரும்ப வந்தது. திரும்பவும் சுரண்டி, திரும்பவும் 24 மணி நேரம். மூன்றாவது சோதனையில் குழி அப்படியே இருந்தது. முடி உலர்த்தும் கருவியால் காசை லேசாகச் சூடுபடுத்தி, நுண்படிக மெழுகை விரல்நுனியால் பூசி, பருத்தித் துணியால் ஒத்தியெடுத்தேன். மெழுகு ஏறியதும் களிம்பு கரும்பச்சையாக ஆழ்ந்து, முத்துகள் மூன்றும் நுண்ணோக்கி இல்லாமலே தெரிந்தன.

கடைசிக் குறிப்பு: எடை 2.31 கிராம். வேலை நேரம் 41 மணி. சிப்பாயின் தோளுக்கு மேலே சுண்ணாம்புப் பற்று ஒரு திட்டு இன்னும் இருக்கிறது. அதற்கு அடியில் களிம்பு மெலிந்திருப்பது விளிம்பில் தெரிகிறது, எடுத்தால் ஈட்டியின் மேல்முனையும் கூட வந்துவிடும். அதை விட்டுவிட்டேன். உறையில் எழுதியது: இரண்டாம் கான்ஸ்டன்டியஸ், விழும் குதிரைவீரன், கிசிகஸ், 355-ஐ ஒட்டிய வருடங்கள், பட்டறை எழுத்து சுத்தம் செய்யும்போது சேதம். முதியவரின் ரசீதையும் அதே உறைக்குள் வைத்தேன். சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில், ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்படி வைத்திருக்கிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு திறந்து அந்தக் குழியைப் பார்க்க வேண்டும். இரண்டு முறை பார்த்தாயிற்று, தூள் இல்லை.